கரிசலில் குழி எடுத்த நாட்கள்: கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம்

மார்ச் 23, கோவில்பட்டி

பங்குனி வெயிலில் கரிசல் காட்டுக்குப் போகிறேன் என்றால் யாரும் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். ஆனால் கரிசலை வகைப்படுத்த இதைவிட நல்ல பருவம் கிடையாது. உளுந்து, பாசி, கம்பு, பருத்தி எல்லாம் ஏறக்குறைய வீடு சேர்ந்துவிட்டன. நிலம் வெறுமையாகக் கிடக்கிறது, வெடிப்புகள் வாய் பிளந்திருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் வந்தால் வெடிப்பே இருக்காது. குழி வெட்டினாலும் சுவர் நிற்காது.

பேருந்து நிலையத்தை ஒட்டிய கடையில் தேநீர் 12 ரூபாய். பக்கத்து மேசையில் ஒருவர் வரைபடக் குழாயைப் பார்த்துவிட்டு, “சோலாருக்கு இடம் பாக்க வந்திருக்கீகளா தம்பி?” என்றார். மண் ஆய்வு என்றதும், “அப்ப கையெழுத்து ஒண்ணும் வாங்க மாட்டீகல்ல?” இந்தக் கேள்வி போகுமிடமெல்லாம் வரும். நிலத்துக்காரரிடம் முதலில் சொல்ல வேண்டியது மூன்று: யாருக்காக ஆய்வு, குழியை எப்போது மூடுவோம், எந்தத் தாளிலும் கையெழுத்துக் கேட்க மாட்டோம்.

மாலை முழுக்க வரைபட வேலை. 1:50,000 நிலவரைபடத்தின் மேல் செயற்கைக்கோள் படம், அதன் மேல் கிராம வரைபடம். படத்தில் கரிசல் ஒரே கறுப்புப் பாயாகத் தெரியும், அதை நம்பக் கூடாது. மேட்டில் செவல் (செம்மண்), சரிவில் ஆழம் குறைந்த கரிசல், தாழ்வில் ஆழக் கரிசல் என்று வரிசை மாறும். அந்த மாற்றத்தைக் குறுக்காக வெட்டும் கோடு ஒன்றைப் போட்டு, அதன் மேல் குழிகளைக் குறிக்க வேண்டும்.

குறிக்கும்போதே விலக்க வேண்டிய இடங்களும் உண்டு. வண்டிப்பாதை, பழைய களம், கண்மாய்க்கரை, மரத்தடி ஆகியவை யாருக்கும் தெரியும். பலர் தவறவிடுவது கரம்பை அடித்த நிலத்தை. இந்தப் பக்கம் கண்மாய் வண்டலை வண்டி வண்டியாக அடித்து நிலத்தில் பரப்புவது நெடுநாள் வழக்கம். அங்கே மேலடுக்கு அந்த நிலத்தின் மண்ணே அல்ல, கண்மாயின் மண். நிலத்துக்காரரைக் கேட்காமல் இது தெரியவே தெரியாது.

மார்ச் 24, எட்டயபுரம் சாலை

காலை ஆறரைக்கே தொடக்கம். பத்து மணிக்கு மேல் குழிக்குள் காற்று வராது.

குழி வெட்டுவதற்கு முன்னால் வெடிப்பை அளந்துவிட வேண்டும். வெட்டியபின் அந்த இடம் மிதிபட்டு உதிர்ந்துவிடும். 10 மீட்டர் கயிற்றை நேராகக் கட்டி, அது கடக்கும் வெடிப்பு ஒவ்வொன்றின் அகலத்தையும் குறித்தோம். பெரும்பாலானவை 2 முதல் 4 செ.மீ., ஒன்று 6 செ.மீ. பிறகு 5 மி.மீ. தடிமன் கொண்ட இரும்புக் கம்பியை வெடிப்பில் இறக்கிப் பார்த்தால் 70, 80 செ.மீ. வரை தடையின்றிப் போகிறது. அந்தத் தடிமனில் கம்பியை எடுத்ததற்குக் காரணம் உண்டு. அமெரிக்க மண் வகைப்பாட்டு முறையில் வெடிப்பு கணக்கில் வர 5 மி.மீ. அகலம் வேண்டும். மேலிருந்து 50 செ.மீ.க்குள் குறைந்தது 25 செ.மீ. தடிமனுக்கு அந்த அகலம் தொடர வேண்டும். கம்பி இறங்கினால் அகலம் இருக்கிறது என்று பொருள், தனியாக அளக்க வேண்டியதில்லை.

குழிக்கு ஜேசிபி. மணிக்கு 1,300 ரூபாய், வந்து போகும் தூரத்துக்குத் தனி. ஆள் வைத்து வெட்டினால் காய்ந்த கரிசலில் கடப்பாரையே துள்ளும், ஒரு குழிக்கு ஒரு நாள் போய்விடும். 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம். ஓட்டுநரிடம் மூன்று விஷயம் சொன்னோம்: வெயில் படும் சுவர்ப் பக்கம் மண்ணைக் கொட்டக் கூடாது, அந்தப் பக்கம் சக்கரம் ஏறக் கூடாது, மேல்மண்ணைத் தனியாகவும் அடிமண்ணைத் தனியாகவும் குவிக்க வேண்டும். மூடும்போது அடிமண் அடியில் போகாவிட்டால், அடுத்த வெள்ளாமையில் அந்த இடம் மட்டும் சோர்ந்து நின்று நம் பெயரைக் கெடுக்கும்.

ஜேசிபியில் ஒரு சிக்கல் இருக்கிறது. வாளியின் பல் களிமண்ணை இழுத்துத் தேய்த்துப் பளபளவென்று கோடு போட்டுவிடும். கரிசலில் நாம் தேடுவதும் பளபளப்பான கோடு போட்ட முகங்களைத்தான். அதனால் சுவரை 15 முதல் 20 செ.மீ. உள்ளே கத்தியால் கொத்திப் பெயர்த்தெடுக்க வேண்டும். வெட்டக் கூடாது, பெயர்க்க வேண்டும். கத்தி முனையைக் குத்தித் திருகினால் மண் தன் இயல்பான பிளவில் தானே பிரியும்.

அப்படிப் பிரிந்த இடத்தில், 62 செ.மீ. ஆழத்தில், முதல் ஸ்லிக்கன்சைடு கிடைத்தது. உள்ளங்கை அகலத்தில் சாய்ந்த ஒரு முகம். கருஞ்சாம்பல் நிறம், மெழுகு தடவியது மாதிரி மினுக்கம், அதன் மேல் ஒரே திசையில் ஓடும் மெல்லிய பள்ளங்கள். விரலை ஒரு திசையில் இழுத்தால் வழுக்கும், குறுக்கே இழுத்தால் நெருடும். சாய்மானியை வைத்தால் கிடைமட்டத்திலிருந்து 35 பாகை. நனைந்த களி உப்பும்போது மேலே ஏற முடியாதபடி மேல்மண்ணின் சுமை அழுத்துகிறது, பக்கத்திலும் இடமில்லை. கடைசியில் ஒரு கட்டி இன்னொன்றின் மேல் சாய்வாக வழுக்கித் தேய்கிறது. அந்தத் தேய்மானத் தடம்தான் இது. ஆப்பு வடிவக் கட்டிகளும் உடன் கிடைத்தன. அவற்றின் நீள அச்சு 10 முதல் 60 பாகைக்குள் சாய்ந்திருக்க வேண்டும் என்பது விதி. இங்கே 30 முதல் 45 வரை.

சுவரில் ஒவ்வொரு 10 செ.மீ.க்கும் ஆணி அடித்து, நாடாவைக் கட்டி, அடுக்கு பிரித்தோம். கரிசலில் நிறத்தை வைத்து அடுக்குப் பிரிக்க முடியாது, மேலிருந்து கீழ்வரை கறுப்புதான். கட்டமைப்பும் கத்தி இறங்கும் பதமும்தான் எல்லையைக் காட்டும். கிடைத்தது இது:

0–17 செ.மீ., உழவடுக்கு: பொலபொலவென்று சிறு குருணை, நிறம் மன்செல் நிற அட்டைப்படி காய்ந்த நிலையில் 10 ஒய்ஆர் 4/1, ஈரத்தில் 10 ஒய்ஆர் 3/1. எல்லை தெளிவு.
17–48: கோணக் கட்டிகள், காய்ந்தால் மிகக் கடினம், வெடிப்பு வழியே மேல்மண் உதிர்ந்து இறங்கிய தடம்.
48–85: ஸ்லிக்கன்சைடு தொடக்கம், ஆப்புக் கட்டிகள். எல்லை மெல்ல மாறும், அலையலையானது.
85–126: ஸ்லிக்கன்சைடுகள் பெரியவை, ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. சிறு சுக்கான் (சுண்ணாம்பு) உருண்டைகள்.
126–150க்கும் கீழே: நிறம் வெளுத்து, சுக்கான் கூடி, சிதைந்த பாறைத் துணுக்குகள்.

நிறம் பார்ப்பதற்கு ஒரு குறிப்பு. மன்செல் அட்டையை வெயில் நேரே விழ, முதுகுப் பக்கம் சூரியன் இருக்க, கறுப்புக் கண்ணாடி இல்லாமல் பார்க்க வேண்டும். காலை எட்டுக்கு முன்னும் மாலை நாலரைக்குப் பின்னும் எடுத்த நிறக் குறிப்பில் சிவப்பு ஏறிவிடும்.

கையால் பதம் பார்ப்பதில் கரிசல் ஏமாற்றும். காய்ந்த கட்டியை நனைத்ததும் பிசைந்தால் நெருநெருவென்று இருக்கும், மணற்களி என்று எழுதத் தோன்றும். நீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, குறைந்தது இரண்டு மூன்று நிமிடம் பிசைய வேண்டும். அப்போதுதான் குருணை உடைந்து பசையாகும். பெருவிரலால் தள்ளினால் 5 செ.மீ.க்கு மேல் நாடாவாக நீளும். அதற்குப் பிறகும் நெருடினால் அது சுண்ணாம்புத் துகளாக இருக்கலாம், அமிலம் விட்டுப் பாருங்கள். நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் மேலடுக்கில் லேசாகவும் 85 செ.மீ.க்குக் கீழே பொங்கியும் நுரைத்தது.

மாதிரி எடுப்பது கீழிருந்து மேலே. மேலிருந்து எடுத்தால் உதிரும் மண் கீழ் அடுக்கைக் கெடுக்கும். அடுக்குக்கு ஒரு கிலோ, பைக்குள் ஒரு சீட்டு, வெளியே ஒரு சீட்டு. அடர்த்திக்கு உருளைக் குழாய் இங்கே உதவாது, அடித்தால் மண் நொறுங்கும். முட்டியளவு கட்டிகளை உடையாமல் எடுத்து, நூல் கட்டி, பஞ்சு சுற்றி டப்பாவில் வைத்தோம்.

மதியம் நிலத்துக்காரர் வீட்டிலிருந்து கம்மங்கூழ், சின்ன வெங்காயம், மோர் மிளகாய். காசு வாங்க மறுத்துவிட்டார். குழிக்குள் எட்டிப் பார்த்து, “அடில சுக்கான் இருக்குன்னு எங்க அப்பாவே சொல்லுவாரு, நீங்க எதுக்கு இம்புட்டுத் தோண்டுதீக?” என்றார். நியாயமான கேள்விதான். கிணறு வெட்டியவர்கள் ஊரில் இருந்தால், அடிமண்ணைப் பற்றிய முதல் தகவல் அவர்களிடமிருந்துதான் வர வேண்டும்.

மார்ச் 25, விளாத்திகுளம் பக்கம்

வெயில் நேற்றைவிடக் கூடுதல். சாலையோரம் பதநீர், ஒரு சொம்பு 30 ரூபாய், பனையோலைப் பட்டையில் ஊற்றித் தந்தார்கள்.

துளைப்பான் வேலை இன்று பாதியும் நடக்கவில்லை. காய்ந்த கரிசலில் திருகு துளைப்பான் 30 செ.மீ.யில் நின்றுவிடும். பலம் போட்டால் உள்ளே இறுகி, எடுக்க இரண்டு ஆள் வேண்டும். தண்ணீர் ஊற்றி இறக்கலாம், ஆனால் நிறமும் பதமும் கெட்டுவிடும். ஆகவே ஓடைக்கரை வெட்டுகளையும் கிணற்றுச் சுவர்களையும் பயன்படுத்தினோம். பல வருடம் காற்று பட்ட சுவர் என்பதால் ஒரு முழம் உள்ளே கொத்தித்தான் பார்க்க வேண்டும்.

சரிவில் ஓர் ஓடைக்கரை. மேலே பார்த்தால் அசல் கரிசல், அதே கறுப்பு, அதே வெடிப்பு. 45 செ.மீ.யில் சிதைந்த நைஸ் (உருமாறிய பாறை வகை) பாறை வந்துவிட்டது. ஸ்லிக்கன்சைடு ஒன்றுகூட இல்லை. இது வெர்டிசால், அதாவது நனைந்தால் உப்பி காய்ந்தால் வெடிக்கும் களிமண் வகை, அல்ல. வெர்டிசால் ஆக மூன்றும் வேண்டும்: 100 செ.மீ.க்குள் தொடங்கும், குறைந்தது 25 செ.மீ. தடிமனுள்ள ஸ்லிக்கன்சைடு அல்லது ஆப்புக்கட்டி அடுக்கு. மேலிருந்து 50 செ.மீ. வரை, பாறை அதற்கு முன் வந்தால் பாறை வரை, 30 விழுக்காட்டுக்குக் குறையாத களி. பருவத்துக்குப் பருவம் திறந்து மூடும் வெடிப்பு. இந்த இடம் முதல் நிபந்தனையிலேயே விழுகிறது. வெர்டிசாலின் சாயல் உள்ள மண்ணுக்குத் தரும் ‘வெர்டிக்’ என்ற அடைமொழிக்குக்கூட, ஸ்லிக்கன்சைடு இல்லாத நிலையில், மேலிருந்து பாறை வரையிலான மொத்த நீட்சி 6 செ.மீ. வேண்டும். நீட்சிக் கெழு, அதாவது காய்ந்த மண் நனையும்போது நீளத்தில் விரியும் பங்கு, 0.10 என்று தாராளமாக வைத்தாலும் 45 செ.மீ.க்கு நாலரைதான் வரும்.

கறுப்பைப் பார்த்ததும் ‘கரிசல், எனவே வெர்டிசால்’ என்று வரைபடத்தில் அடித்துவிடும் பழக்கம் இந்த இடத்தில்தான் மாட்டும். பள்ளிப் பாடத்தில் வரும் இன்னொரு வரியும் அப்படித்தான்: கரிசல் என்றால் தக்காணத்து எரிமலைப் பாறையில் பிறந்தது. கோவில்பட்டி வட்டாரத்தில் அந்தப் பாறையே கிடையாது. இங்கே அடியில் இருப்பது நைஸ் வகைப் பாறைகள். சுண்ணச்சத்தும் மக்னீசியமும் கலந்த நீர் தாழ்வில் தேங்கித் தேங்கி, வறண்ட பருவத்தில் வெளியேறாமல் நின்ற இடங்களில் நீரை உறிஞ்சி உப்பும் ஸ்மெக்டைட் களி உருவாகியிருக்கிறது. மேட்டில் செவலும் பள்ளத்தில் கரிசலும் அடுத்தடுத்துக் கிடப்பதற்கும் அதுதான் காரணம்.

இரவு கோவில்பட்டியில் பரோட்டா, சால்னா. ஒன்பதரைக்கு மின்னல்.

மார்ச் 26, மழைக்கு மறுநாள்

கோடை மழை. நேர்ச்சுவர் டப்பாவை வெளியே வைத்திருந்ததில் 22 மி.மீ. தேங்கியிருந்தது.

நிலத்துக்குள் வண்டி போகவில்லை. இரு சக்கர வண்டியின் மண்தடுப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே கரிசல் அடைத்து, இருபது அடியில் சக்கரம் சுற்றாமல் நின்றது. குச்சியால் நோண்டி எடுத்து, இன்னும் பத்தடி, மறுபடி அடைப்பு. இந்த ஊர்க்காரர்கள் மழைக்கு மறுநாள் வண்டியைச் சாலையிலேயே விட்டுவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பார்கள். அதையே செய்தோம். குழியின் ஒரு சுவர் சரிந்திருந்தது. நல்லவேளை, ஆய்வு முடிந்த சுவர். மழைக்கு வாய்ப்பிருந்தால் குழியைச் சுற்றி ஓரடி வரப்புப் போட்டு, மேலே தார்ப்பாய் கட்டுவது கட்டாயம். சரிந்த சுவரின் அடியில் யாரையும் இறக்கக் கூடாது. ஒன்றரை மீட்டர் கரிசல் மேலே விழுந்தால் எலும்பு தாங்காது.

ஆனால் இந்தப் பயணத்தில் அதிகம் கற்றுத் தந்த நாள் இதுதான். மேற்பரப்பைப் பார்த்தால் வெடிப்பைக் காணோம். குருணை மண் நனைந்து, உதிர்ந்து, வாயை அடைத்துவிட்டது. யாராவது இன்று மட்டும் வந்திருந்தால் ‘வெடிப்பு மூடியது’ என்று எழுதிப் போயிருப்பார்கள். 10 செ.மீ. மண்ணைக் கையால் விலக்கிக் கம்பியை விட்டால் அது சரேலென்று 60 செ.மீ.க்கு இறங்குகிறது. கீழே வெடிப்பு அப்படியே திறந்திருக்கிறது.

நிற்கும் சுவரைப் புதிதாகப் பெயர்த்தால் காரணம் தெரிகிறது. வெடிப்பின் இரு முகங்களும் 80 செ.மீ. ஆழம் வரை நனைந்து கறுத்திருக்கின்றன. அதே ஆழத்தில் அல்ல, வெறும் 25 செ.மீ.யில், வெடிப்பிலிருந்து ஒரு சாண் தள்ளி, கட்டியின் நடு இன்னும் தூள் பறக்கக் காய்ந்திருக்கிறது. மழைநீர் மண்ணை மேலிருந்து கீழாக நனைக்கவில்லை, வெடிப்பு வழியே நேரே அடிக்குப் போய்விட்டது. கட்டிகள் உள்வரை நனைந்து உப்பினால்தான் வெடிப்பு மூடும். அதற்கு இந்த மழை போதாது, தொடர்ந்து சில நாள் பெய்ய வேண்டும்.

வகைப்பாட்டில் இது சின்ன விஷயம் அல்ல. வெடிப்பு ஆண்டில் எத்தனை நாள் திறந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் பெயரே மாறுகிறது. கணக்கு, கண்ணுக்குத் தெரியும் வாயை வைத்து அல்ல, உள்ளே இருக்கும் 25 செ.மீ.யை வைத்து.

மார்ச் 27, கோவில்பட்டி

குழிகளை மூடினோம். மாதிரிகளை நிழலில் உலர்த்தினோம். வெயிலில் கூடாது. கடலைமிட்டாய் வாங்காமல் இந்த ஊரைவிட்டுக் கிளம்பினால் வீட்டில் கேள்வி வரும். 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம். மண் மாதிரிப் பைகளோடு ஒரே பெட்டியில் வைக்காமல் இருப்பது நல்லது.

ஏப்ரல் 30, முடிவுகள் வந்த நாள்

எட்டயபுரம் சாலைக் குழியின் எண்கள். முதல் நான்கு அடுக்குகளின் களி: 51, 54, 57, 58 விழுக்காடு. பிஎச் 8.2-இல் தொடங்கி 8.6 வரை. கரிமச் சத்து மேலடுக்கில் 0.38 விழுக்காடு. இவ்வளவு கறுப்பான மண்ணில் இவ்வளவுதானா என்று புதியவர்கள் திகைப்பார்கள். கறுப்பு மக்கின் அளவால் வருவதல்ல, கொஞ்சம் மக்கு ஸ்மெக்டைட்டோடு இறுக்கமாகப் பிணைந்திருப்பதால் வருவது. 0.6 விழுக்காடு இல்லாததால் மேலடுக்கு ‘மாலிக்’ (மக்கு சேர்ந்த கருமையான மேலடுக்கு) தகுதியும் பெறாது.

நீட்சிக் கெழு: மூன்றாம் அடுக்குக் கட்டியின் அடர்த்தி ஈரத்தில் 1.35, உலர்ந்தபின் 1.85. இரண்டாவதை முதலாவதால் வகுத்து, கனமூலம் எடுத்து, ஒன்றைக் கழித்தால் 0.111. 0.09-க்கு மேல் போனாலே மிக அதிகம் என்பார்கள். அதே அடுக்கில் அயனிப் பரிமாற்றத் திறன், அதாவது மண் அயனிகளைப் பிடித்து வைக்கும் அளவு, 49.6. இதைக் களி விழுக்காட்டால் வகுத்தால் 0.87. 0.7-ஐத் தாண்டினால் ஸ்மெக்டைட் ஆதிக்கம் என்று கொள்ளலாம். சுண்ணாம்பு மண்ணில் அமோனியம் அசிட்டேட் கரைசல் சுண்ணாம்பையும் கரைத்துக் கால்சியத்தை ஏற்றிக் காட்டும் என்பதால், பரிமாற்றத் திறனை சோடியம் அசிட்டேட் முறையில் எடுக்கச் சொல்லியிருந்தோம். தனித்தனி அயனிகளைக் கூட்டி இந்த எண்ணை வருவிக்கக் கூடாது.

இனி சாவி, அதாவது மண்ணின் பெயரைக் கண்டுபிடிக்கும் விதி வரிசை. மேலிருந்து கீழே படிக்க வேண்டும், முதலில் பொருந்தும் இடத்தில் நிற்க வேண்டும். ஸ்லிக்கன்சைடு, களி, வெடிப்பு மூன்றும் உண்டு, ஆகவே வெர்டிசால். வடகிழக்குப் பருவத்தில் வெடிப்பு 60 நாளுக்கு மேல் தொடர்ந்து மூடியிருக்கிறது, ஆகவே பாலைவகையான டோரெர்ட் அல்ல. ஆண்டில் 90 நாளுக்கு மேல் திறந்திருக்கிறது, ஆகவே வறண்ட பருவம் நீளும் இடத்து வகையான உஸ்டெர்ட். அடுத்து சுண்ணாம்பு அடுக்குள்ள கால்சிஉஸ்டெர்ட்டா? அமிலம் பொங்கியதை வைத்து அப்படி எழுதக் கூடாது. அதற்கு 15 செ.மீ. தடிமனில் 15 விழுக்காடு சுண்ணாம்பாவது வேண்டும். நான்காம் அடுக்கில் 9, ஐந்தாம் அடுக்கில் 12. எனவே தனி அடுக்கு எதுவும் இல்லாத எளிய வகையான ஹாப்லுஸ்டெர்ட்.

உட்பிரிவில் சோடிக் (சோடியம் மிகுந்தது) வருமா என்று பார்த்தால், சோடியம் 4.2, அதை 49.6-ஆல் வகுத்தால் 8.5 விழுக்காடு. 15 வேண்டும், இல்லை. நிறம் ஈரத்தில் 3/1, ஆகவே வெளிர் அல்லது பளிச்சென்ற நிறத்துக்குரிய குரோமிக்கும் இல்லை. மிச்சம் இருப்பது ஆண்டில் வெடிப்பு திறந்திருக்கும் நாள் கணக்கு. 150-க்குக் குறைந்தால் உடிக் (ஈரப்பாங்கானது), 210 அல்லது அதற்கு மேல் போனால் அரிடிக் (வறண்டது), நடுவில் நின்றால் டிப்பிக் (வழக்கமானது).

நிலத்துக்காரர் சொன்னது: “மாசி பொறந்தா வெடிக்கும், ஐப்பசி மழைல மூடும்.” பிப்ரவரி நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை என்றால் சுமார் 240 நாள். கோடை மழை நாட்களைக் கழித்தால் 210-க்குக் கீழே இறக்கி டிப்பிக் என்று எழுதலாம். ஆனால் மார்ச் 26 அன்று பார்த்ததை வைத்துச் சொன்னால், 22 மி.மீ. மழைக்கு ஒரு நாளைக்கூடக் கழிக்க இடமில்லை. மேலே மூடிய நாட்களை எல்லாம் மூடிய நாட்களாக எண்ணினால் பெயர் ஒன்று, கம்பியை விட்டு எண்ணினால் பெயர் வேறு.

குடும்பப் பெயரில் தகராறு இல்லை. 25 முதல் 100 செ.மீ. வரையிலான களியின் எடையிட்ட சராசரி 56, அதாவது 60-க்குக் கீழ், ஆகவே ஃபைன் (நுண்களி வகை). அதனோடு ஸ்மெக்டிட்டிக் (ஸ்மெக்டைட் மிகுந்தது), ஐசோஹைப்பர்தெர்மிக் (ஆண்டு முழுக்க அதிகம் மாறாத சூடுள்ள மண்). உட்பிரிவை ‘அரிடிக், தற்காலிகம்’ என்று குறித்து வைத்திருக்கிறோம். விதி கேட்பது ஓராண்டுக் கணக்கையல்ல, இயல்பான ஆண்டுகளின் கணக்கை. அதற்காகப் பாசனம் இல்லாத இரண்டு நிலங்களில் வெடிப்பின் இருபுறமும் முளை அடித்தாயிற்று. வாரம் ஒரு முறை மேல்மண்ணை விலக்கி, அதே 5 மி.மீ. கம்பியை இறக்கி, 10 செ.மீ.யிலும் 40 செ.மீ.யிலும் தடுக்கிறதா என்று குறிக்க வேண்டும். பக்கத்தில் ஒரு மழைமானி. உழவு ஓட்டும் வாரத்தில் முளைகளைப் பிடுங்கி, ஜிபிஎஸ் புள்ளியை வைத்து மறுபடி அடிக்க வேண்டும், இல்லையென்றால் கலப்பை கொண்டுபோய்விடும்.